அரிவரி ரீச்சரும் ஆலோசனைக் குழுவும்

நீங்கள் எப்போதாவது ஒரு பள்ளிக்கூடத்து ஆலோசனைக் குழுவில் இருந்திருக்கிறீர்களா? இருந்தவர்களுக்கு நான் ஒன்றும் விளக்கத் தேவையில்லை. கொஞ்சம் தள்ளி இருங்கள், நானும் பக்கத்தில் வந்து இருக்கிறேன். இல்லாதவர்களுக்குச் சொல்கிறேன்: சம்பளம் இல்லை, லீவு இல்லை, வழியில் போகிறவர் எல்லாரும் மறித்துக் குறை சொல்லலாம், அப்படியான ஒரு உத்தியோகம் அது. ஆசிரியர்களும் பெற்றாரும் ஒரு மேசையைச் சுற்றி இருந்து, பள்ளிக்கூடத்தை எப்படி நடத்த வேண்டும் என்று அதிபருக்கு யோசனை சொல்லுவார்கள். முடிவில் தேத்தண்ணி வரும். சீனி கிடைத்த மாதமென்றால் சீனியோடு வரும்.

எங்கள் ஊர் சாம்பல்தீவுக்குப் பக்கத்தில். ஒரு பக்கம் கடல், மற்றப் பக்கம் வயல், நடுவில் பள்ளிக்கூடம். நான் அங்கேயே எட்டாம் வகுப்பு வரை படித்து, கலியாணம் கட்டி, என் மகளையும் அங்கேயே சேர்த்தவள். குழுவில் இருந்த காலத்தில் நாங்கள் பல விஷயங்கள் பேசினோம். ஆனால் பட்ட பாடு முழுக்க ஒரு ரீச்சரை எங்களோடு வைத்துக்கொள்ளப் பட்ட பாடுதான்.

முன் வாங்கு

ஒவ்வொரு பள்ளிக்கூடத்திலும் ஆசிரியர் சிலரும் பெற்றார் சிலரும் சேர்ந்து ஆலோசனைக் குழு அமைக்க வேண்டும், அதில் தாய்மாரும் இருக்க வேண்டும் என்று கல்விக் கந்தோரிலிருந்து சுற்றுநிருபம் வந்ததாம். கூட்டம் வைத்தார்கள். ஆம்பிளைகள் ஒரு பக்கம் இருந்தார்கள். பெண்கள் எல்லாரும் கடைசி வாங்கில் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தார்கள். என் மடியில் கைக்குழந்தை. பின்னால் இடம் இல்லை. முன் வாங்கு வெறுமையாக இருந்தது, யன்னல் காற்றும் வந்தது. போய் இருந்தேன்.

"தாய்மார் பக்கத்தால ஆர் வாறியள்?" என்று அதிபர் கேட்டார். கடைசி வாங்கு முழுவதும் நிலத்தைப் பார்த்தது. கரைவலை வைத்திருக்கும் சம்மாட்டியார் அதற்கு முன்பே தெரிவாகி, கால்மேல் கால் போட்டுக்கொண்டு இருந்தார். அவர் என்னைக் காட்டி, "முன்னுக்கு வந்து இருக்கிற பிள்ளைக்கு விருப்பமாக்கும்" என்றார். நான் வாய் திறப்பதற்குள் கை தட்டிவிட்டார்கள். இரண்டாவது தாயாக, மீன் விற்கிற பூரணம் அக்காவைப் போட்டார்கள். அவ அன்றைக்குக் கூட்டத்துக்கே வரவில்லை. வராதவர் எப்படி மறுப்பார்?

அடுத்த நாள் காலையில் மீன் கடகத்தோடு என் வாசல் படலையில் நின்றா பூரணம் அக்கா. தனக்கு நடந்ததைப் பற்றி அவவுக்குக் கவலையில்லை. என்னைப் பார்த்துத்தான் தலையில் அடித்துக்கொண்டா. "கூட்டமெண்டால் பின்னுக்கு இருக்க வேணும், இல்லாட்டி என்னைப்போல வராமலே விட வேணும். இது தெரியாமலோடி எட்டாம் வகுப்பு வரைக்கும் படிச்சனீ?"

எங்கள் அதிகாரம்

முதல் கூட்டத்தில் அதிபர் சுற்றுநிருபத்தை முழுதாக வாசித்தார். அவர் யாழ்ப்பாணத்து மனிதர். வேட்டி மடிப்புக் குலையாது, குரல் உயராது. சட்டத்தில் இல்லாததைக் கனவில்கூடச் செய்யமாட்டார். குழுவின் செயலாளர் இரண்டாம் வகுப்புச் சுந்தரம் மாஸ்டர். அவருக்குக் கடிதம் எழுதுவதில் அப்படி ஒரு ஆசை. அதிபர் வாசிக்க வாசிக்க அவரும் நல்ல சொற்களைத் தனியாகக் குறித்துக்கொண்டு இருந்தார்.

சம்மாட்டியாருக்குப் பொறுமை குறைவு. கடலில் வலை கிடக்கும்போது கரையில் கதை கேட்டுக்கொண்டு இருக்க அவரால் ஏலாது. "அதிபர், சுருக்கிச் சொல்லுங்கோ. நாங்கள் ஒண்டைச் சொன்னால் நீங்கள் கேக்க வேணுமோ, இல்லையோ?" என்றார்.

அதிபர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திரும்பவும் ஒருமுறை சுற்றுநிருபத்தைப் பார்த்தார். பிறகு சொன்னார்: "கேக்க வேணும். செய்ய வேணுமெண்டு இதில இல்லை."

உயரம்

ஆசிரியர்களுக்குக் கதிரை இருந்தது. பெற்றாருக்கு, எழுத்துத் தொடங்குகிற அரிவரி வகுப்பு வாங்கைத்தான் கொண்டுவந்து போட்டார்கள். ஐந்து வயதுப் பிள்ளைக்குச் செய்த வாங்கு. அதில் இருந்தால் முழங்கால் நாடியில் முட்டும். சம்மாட்டியார் கடற்கரையில் நாற்பது பேரை விரட்டுகிறவர். இங்கே அவர் மேசை விளிம்புக்கு மேலாக எட்டிப் பார்த்துத்தான் தன் கருத்தைச் சொன்னார். ஆசிரியர்கள் குனிந்து, "ஓம், சொல்லுங்கோ" என்றார்கள். அப்படி ஆரும் குனிந்து கேட்டால் எங்களுக்கும் வீட்டுப்பாடம் செய்யாத பிள்ளைகள்போல நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

அடுத்த கூட்டத்துக்குச் சம்மாட்டியார் தன் வீட்டுச் சாய்மனைக் கதிரையை இரண்டு பேரைக்கொண்டு தூக்கிவந்து போட்டார். ஆனால் சாய்மனைக் கதிரையில் ஆரும் நிமிர்ந்து இருக்க ஏலாது. அன்றைக்கு அவர் கூரையைப் பார்த்துக்கொண்டுதான் கருத்துச் சொன்னார். பாதியில் குறட்டையும் கேட்டது. பூரணம் அக்கா மெல்ல என் காதுக்குள், "இவருக்கு அரிவரி வாங்குதான் சரி. அதில இருக்கேக்கையாவது முழிச்சிருந்தவர்."

மிளகாய் சுற்றின பேப்பர்

ஹலீமா ரீச்சர் வரும் வரைக்கும் எங்கள் அரிவரி வகுப்புக்கு ஆளில்லை. சின்னப் பிள்ளைகளை இரண்டாம் வகுப்பின் பின்பக்கத்தில் மூட்டைகள்போல இருத்தி வைத்திருப்பார்கள். தின்னப் பணிஸ் கொடுக்கும் நேரம் வந்தால்தான் அவை அசையும். பிறகுதான் கிண்ணியாவிலிருந்து இவ வந்தா, தற்காலிகமாக. தற்காலிகம் என்றால் எந்த நேரமும் எடுத்துவிடலாம் என்று அர்த்தம். எடுத்தால் எங்கள் பிள்ளைகள் திரும்பவும் மூட்டைதான். இது எங்கள் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. வாய்விட்டு மட்டும் ஒருவரும் சொல்லவில்லை.

அவ வருகிற வழியைக் கேட்டால் உங்களுக்கு மூச்சு வாங்கும். விடிய முன்னம் கைக்குழந்தைக்குப் பால் கொடுத்து உம்மாவிடம் விட்டுவிட்டு, பாதைக்கு வருவா. பாதை என்று இங்கே சொல்வது ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றிக்கொண்டு இக்கரைக்கும் அக்கரைக்கும் போய்வருகிற பெரிய மிதவை. அதில் கடந்து, பஸ் ஏறித் திருகோணமலை ரவுணுக்கு வந்து, அங்கே இன்னொரு பஸ் ஏறி எங்கள் சந்தியில் இறங்கி நடப்பா. வந்தவுடன் பிள்ளைகளை முற்றத்து மணலில் இருத்தி, சிப்பிகளை அடுக்கி எழுத்துக் காட்டுவா, பிறகு வகுப்புக்குள் பாட்டுப் பாடிப் படிப்பிப்பா. ஒரு பிள்ளையையும் தொட்டு அடித்ததில்லை.

அந்தப் பள்ளித் தவணை முடிவதற்குள் என் மகள் குசினிக்குள் இருந்து, கடையில் செத்தல் மிளகாய் சுற்றித் தந்த பேப்பரை எழுத்துக்கூட்டி வாசித்தாள். ஆரோ ஒருவர் குடித்துவிட்டுப் பெண்சாதியை அடித்து, பொலிஸ் பிடித்து மறியலுக்குப் போன செய்தி. முழுவதையும் வாசித்துவிட்டு, "மறியல் எண்டால் என்னப்பா?" என்று கேட்டாள். என் அவர் சாப்பிட்ட கையாலேயே பேப்பரை வாங்கி மடித்தார். பிறகு என்னைப் பார்த்து, "இனி இந்த வீட்டில மிளகாய் சுத்தின பேப்பரையும் ஒளிச்சுத்தான் வைக்க வேணும் போல."

சிவப்புக் கோடு

ஆசிரியர்கள் காலையில் கையெழுத்து வைக்கிற புத்தகத்தில், மணி அடித்தவுடன் அதிபர் ஒரு சிவப்புக் கோடு இழுப்பார். அதற்குக் கீழே கையெழுத்து வைத்தவர் பிந்தி வந்தவர். கச்சான் காற்று அடிக்கிற காலத்தில் பாதை நேரத்துக்குக் கரை சேராது. ஹலீமா ரீச்சரின் கையெழுத்து அடிக்கடி கோட்டுக்குக் கீழே போயிற்று. கீழே கையெழுத்துச் சேர்ந்தால் மேலிடத்துக்கு அறிவிக்க வேண்டும். தற்காலிக ஆளுக்கு அது ஒன்றே போதும். விஷயம் குழுவுக்கு வந்தது.

"காத்தடிக்கிறதுக்கு அவ என்ன செய்யிறது? காத்துக்கும் சிவப்புக் கோடு போடுவீங்களோ?" என்று சம்மாட்டியார் கேட்டார். கடலோடு பிழைக்கிற மனிதர், காற்றைப் பற்றிப் பேசினால் அவருக்குக் கோபம் வரும். அதிபர் கோட்டை அசைக்க மறுத்தார். "அப்ப ரீச்சர் வந்து சேருமட்டும் அரிவரியை ஆர் பாக்கிறது?" என்று நான் கேட்டேன். அதிபர் யோசித்து, சட்டப்படி அது தன் பொறுப்புத்தான் என்றார்.

அடுத்த நாள் பாதை பிந்தியது. அதிபர் அரிவரிக்குப் போனார். நான் மகளை விட்டுவிட்டு மாமரத்தடியில் நின்று பார்த்தேன். ஒரு பிள்ளை அழத் தொடங்கியது. அதைப் பார்த்து மற்றது அழுதது. ஒன்று மூத்திரம் வருகுது என்றது, உடனே எல்லாருக்கும் வந்தது. ஒன்று அதிபரின் வேட்டி நுனியைப் பிடித்து மூக்கைத் துடைத்தது. ரீச்சர் சந்தியிலிருந்து ஓட்டமும் நடையுமாக வந்து சேர்ந்தபோது, அதிபர் வாசலில் நின்று அவவையே பார்த்துக்கொண்டு இருந்தார். அன்று பின்னேரம் குழுவில் வேறு ஒரு விளக்கமும் தராமல் அறிவித்தார்: "நாளையில இருந்து கோட்டைக் கொஞ்சம் பிந்தி, ஆறுதலா இழுக்கிறன்."

நல்லதாக நாலு வசனம்

வருச முடிவில் இடமாற்றக் கதை அடிபட்டது. அரிவரி ரீச்சரை எடுக்கப்போகிறார்கள் என்று ரவுணுக்குப் போய்வந்த ஆரோ சொன்னார்கள். உடனே குழு கூடியது. அவவை எங்களுக்கே நிரந்தரமாகத் தர வேண்டும் என்று கல்விக் கந்தோருக்கு எழுதுவதென்று தீர்மானித்தோம். சுந்தரம் மாஸ்டர் பேனையைத் திறந்தார். அவருடைய முகத்தில் அன்றைக்கு ஒரு தீபாவளிக் களை.

எல்லாரும் ஆளுக்கு ஒன்று சொன்னோம். அவ காற்றையும் மழையையும் பொருட்படுத்துவதில்லை என்றார் சம்மாட்டியார். எவ்வளவு தூரமென்றாலும் முகம் சுளிக்காமல் வருவா என்றா பூரணம் அக்கா. கைக்குழந்தையை விட்டுவிட்டு வந்தும் ஒருநாள் சலித்துக்கொண்டதில்லை என்று நான் சொன்னேன். மாஸ்டர் எல்லாவற்றையும் நல்ல தமிழில் ஏற்றினார். "தூரம் என்பதையே அறியாத தொண்டுள்ளம்" என்று ஒரு வசனம் வந்தது. அதை இரண்டுதரம் வாசிக்கச் சொல்லிக் கேட்டோம்.

அதிபர் கையொப்பம் வைத்தார். கடிதத்தை ஆளாள் கையில் வாங்கிப் பார்த்தோம். அவ்வளவு திருப்தி. சம்மாட்டியார்தான் பெருமூச்சு விட்டு, "எனக்குக் கலியாணம் பேசேக்கையும் ஒருத்தரும் என்னைப் பற்றி இவ்வளவு நல்லாச் சொல்லேல்லை" என்றார்.

பதில்

பதில் வந்தது. கந்தோரிலிருந்து பதிலே வராது என்று சொல்கிறவர்கள் எங்களைக் கேட்கலாம், கெதியாகவே வந்தது. அதிபர் நின்றபடி வாசித்தார். புல்மோட்டைப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடம் இருக்கிறது, தூரம் என்று சொல்லி ஆசிரியர்கள் அங்கே போகத் தயங்குகிறார்கள். இந்த ஆசிரியை தூரத்தைப் பொருட்படுத்தாதவர், கஷ்டத்துக்குச் சலிக்காதவர் என்று உங்கள் குழுவே எடுத்துக் கூறியிருப்பதால், அவரை அடுத்த தவணையிலிருந்து அங்கே அனுப்பத் தீர்மானித்திருக்கிறோம். குழுவுக்கு நன்றி.

கிண்ணியாவிலிருந்து புல்மோட்டைக்கு ஒருவரும் போய்வர ஏலாது, தங்கத்தான் வேண்டும். பால்குடிப் பிள்ளையோடு அவ எங்கே தங்குவது? போவதென்றால் வேலையை விடுவது என்றுதான் கணக்கு. எங்கள் நாலு நல்ல வசனம் ஒரு மனுசியின் உத்தியோகத்தில் கை வைத்துவிட்டது.

சுந்தரம் மாஸ்டர் பேனையை மூடி உள்பையில் வைத்துவிட்டார். பூரணம் அக்கா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தா. அதிபர் கடிதத்தை நாலாக மடித்தார். அவருக்குச் சிரிக்கத் தெரியும் என்று எங்களுக்கு அதுவரை தெரியாது. அது சிரிப்புத்தானா என்று இன்றைக்கும் எனக்குச் சந்தேகம். "இந்தக் குழு சொன்னதை மேலிடம் அப்படியே எடுத்தது இதுதான் முதல் தரம்."

கந்தோர்

மாஸ்டரும் பூரணம் அக்காவும் நானும் ரவுணுக்குப் போனோம். கந்தோர் யன்னலால் பார்த்தால் துறைமுகத்தில் கப்பல் நிற்பது தெரியும். எங்களைக் காக்க வைத்த நேரத்தில் அந்தக் கப்பல் சாமான் இறக்கி முடித்துவிட்டது. கடைசியில் ஒரு கிளாக்கர் ஐயா கூப்பிட்டார். நல்ல மனிதர். எங்கள் கடிதத்தை எடுத்து, "அருமையான தமிழ்" என்றார். மாஸ்டருக்கு அந்த நேரத்திலும் ஒரு சின்னச் சந்தோசம்.

மாஸ்டர் தொண்டையைச் செருமி, "ஐயா, நாங்கள் எழுதினது கொஞ்சம் கூடிப்போச்சு. அவ அவ்வளவு நல்ல ரீச்சர் இல்லை" என்று தொடங்கினார். பூரணம் அக்கா மேசைக்குக் கீழே அவருடைய காலை மிதித்தா. "இல்லை ஐயா, அவ நல்லவ. ஆனால் அவவுக்குத் தூரம் தெரியும்" என்று நான் சொன்னேன். கிளாக்கர் எங்கள் மூன்று பேரையும் மாறிமாறிப் பார்த்தார். கதவைப் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார்.

"நல்ல ஆக்களைப் பிடிச்சு வைக்க எங்களிட்டைச் சட்டம் இல்லை, அம்மா. ஆரும் பெட்டிசம் போட்டு விசாரணை நடந்தால்தான், அது முடியுமட்டும் ஆளை அசைக்க ஏலாது."

குறை தேடின கூட்டம்

பெட்டிசம் என்று மேலிடத்துக்குக் குறை எழுதுவது எங்கள் ஊர்க்காரருக்குக் கைவந்த கலை. தபால்காரன் பிந்தினால் பெட்டிசம், பக்கத்து வீட்டு மாடு வேலியைக் கடந்தால் பெட்டிசம். ஆனால் அன்றைக்கு இவ்வளவு பேர் கூடி இருந்தும் ஒருவர் வாயிலும் ஒன்றும் வரவில்லை. பிந்தி வாறா என்று எழுதலாம் என்றார் சம்மாட்டியார். அதிபர் வரவுப் புத்தகத்தைத் திறந்து காட்டினார். அவர் ஆறுதலாக இழுத்த கோடுகளுக்கு மேலே ரீச்சரின் கையெழுத்துகள் வரிசையாக இருந்தன. வீட்டுப்பாடம் கொடுப்பதில்லை என்று எழுதலாமா? கொடுக்கிறா. கோபக்காரி என்று? பிள்ளைகளைக் கேட்டால் சிரிப்பார்கள்.

"பொய் எழுத என்னால ஏலாது. அதோட, பெட்டிசம் எண்டது ஒருத்தற்றை பைலில ஏறினால் சாகுமட்டும் கிடக்கும்" என்றார் மாஸ்டர். அவர் சொன்னது சரி. மறியலிலிருந்து காப்பாற்றுகிறோம் என்று ஒருவனைக் கடலில் தள்ளின கதையாகிவிடும். அவவைக் கேட்காமல் ஒரு எழுத்தும் எழுதக்கூடாது என்று நான் சொன்னேன். அதற்கிடையில் அதிபர் எழுந்து, இந்த விஷயம் சுற்றுநிருபத்தில் இல்லாதபடியால் தான் கிணற்றடிக்குப் போய்வருவதாகச் சொல்லி வெளியே போய்விட்டார். பூரணம் அக்கா வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து இருந்தா. "இவ்வளவு பேர் கூடியும் ஒரு மனுசியில ஒரு குறை காண ஏலாமக் கிடக்குது. என்ரை மாமியெண்டால் தனிய நிண்டு கண்டுபிடிப்பாவே!"

சந்தி

பள்ளிக்கூடம் விட்டபின் நான் பஸ் சந்திக்குப் போனேன். ஹலீமா ரீச்சர் பூவரச மரத்தடியில் குடையோடு நின்றா. எப்படிச் சொல்வதென்று வழிமுழுக்க யோசித்துக்கொண்டு வந்த எனக்கு, அவவைக் கண்டவுடன் எல்லாம் மறந்துபோயிற்று. எங்கள் கடிதத்தால் வந்த வினை என்றேன். கந்தோரில் சொன்னதையும் சொன்னேன். அவ குடையின் கம்பியைத் திருத்திக்கொண்டு கேட்டா. வீட்டில் அவவுடைய புருசன் வேலையை விடச் சொல்லிவிட்டாராம். அவ இரண்டு நாள் தவணை கேட்டிருக்கிறாவாம்.

"நான் வாசிச்சன் உங்கட கடிதத்த, மாஸ்டர் வச்சிருந்த பிரதியில. என்ட உம்மாவுக்கும் வாசிச்சுக் காட்டினன். அவ அழுதிட்டா" என்றா. அது எனக்குச் செருப்பால் அடித்ததுபோல இருந்தது. ரவுண் பஸ் வளைவில் தெரிந்தது. அவ கையைக் காட்டி மறித்தா. ஒரு காலைப் படியில் வைத்துவிட்டு என் பக்கம் திரும்பி, சத்தமாகவே சொன்னா. நடத்துனருக்கும் கேட்டிருக்கும். "என்னில ஒரு பெட்டிசம் போடுங்க, மலர். என்ன வேணுமெண்டாலும் எழுதுங்க. புள்ளைகளுக்கு அடிக்கிறன் எண்டு மட்டும் எழுதிராதீங்க."

கையெழுத்து

உண்மையாகவும் இருக்க வேண்டும், குறையாகவும் இருக்க வேண்டும், ஆளுக்குச் சேதமும் வரக்கூடாது. அரிசி அரித்துக்கொண்டு இருக்கும்போதுதான் எனக்கு அது பிடிபட்டது. மாஸ்டர் வீட்டுக்கு ஓடினேன். "மாஸ்டர், அரிவரிக்கும் உங்கட வகுப்புக்கும் நடுவில ஒரு தட்டிதானே? ரீச்சர் பாட்டுப் பாடிப் படிப்பிக்கேக்கை உங்களுக்கு இடைஞ்சல் இல்லையோ?" அவர் கண்களை மூடிக்கொண்டார். "இடைஞ்சலோ? பிள்ளை, என்ரை வகுப்பும் சேர்ந்தெல்லோ பாடுது. வாய்ப்பாடு சொல்லிக்குடுத்து எவ்வளவு நாளாச்சு!" என்றார். பாவம், இவ்வளவு காலமும் வாய் திறக்காமல் இருந்திருக்கிறார்.

பேர் இல்லாத பெட்டிசத்தைக் கந்தோரில் கிழித்துப்போடுவார்களாம். அதனால் நான் பேர் வைத்தே எழுதினேன், என் கையாலேயே. அரிவரி வகுப்பில் பாட்டுச் சத்தம் அதிகம், பக்கத்து வகுப்பு குழம்புகிறது, தயவுசெய்து நேரில் வந்து விசாரிக்கவும். ஊரில் நாலு பேர் என்னை என்ன சொல்லுவார்கள் என்பது தெரிந்துதான் எழுதினேன். ரீச்சருக்கு நன்றி கெட்டவள் என்று இரண்டு தாய்மார் கிணற்றடியில் என்னோடு கதைப்பதை விட்டும்விட்டார்கள். தபாலில் போடுமுன் என் அவர் வாங்கி வாசித்தார். "ஊரெல்லாம் பேர் போடாமல் பெட்டிசம் எழுதுது. நீ பேரும் போட்டு, விலாசமும் போட்டு, கீழ 'அன்புள்ள' எண்டும் போட்டிருக்கிறாய்."

விசாரணை

இடமாற்றம் நிறுத்தி வைக்கப்பட்டது. விசாரணைக்கு ஒரு ஐயா வந்தார். தலை முழுக்க நரை, கக்கத்தில் பைல், பென்சனுக்குக் கிட்டின வயது. எல்லாரையும் வாக்குமூலத்துக்குத் தயாராக இருக்கச் சொல்லிவிட்டு நேரே அரிவரிக்குப் போய், அந்தச் சின்ன வாங்கில் முழங்கால் நாடியில் முட்ட இருந்தார். ஹலீமா ரீச்சர் பயத்தில் முதலில் மெல்லத்தான் தொடங்கினா. பிள்ளைகளுக்கு விசாரணை தெரியுமா? அவர்கள் கூரை பறக்கப் பாடினார்கள். தட்டிக்கு அந்தப் பக்கத்திலிருந்து இரண்டாம் வகுப்பும் பாடியது. ஐயாவின் கால் தானாகத் தாளம் போட்டதை நான் யன்னலால் கண்டேன்.

வெளியே வந்து என்னைக் கூப்பிட்டார். "நீங்கள்தான் முறைப்பாட்டுக்காரி?" "ஓம் ஐயா." "சத்தம் இருக்கோ?" "இருக்கு, ஐயா." "உங்கட பிள்ளை எந்த வகுப்பு?" "அரிவரியில படிச்சவள். அடுத்த பிள்ளையும் வளர்ந்து இவவிட்டைத்தான் வரவேணும், ஐயா." அவர் என்னை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தார். மாமரத்தடியில் ஒன்றும் தெரியாததுபோல நின்ற முழுக் குழுவையும் பார்த்தார். பைலைத் திறந்து, சத்தத்தை எல்லாப் பருவகாலங்களிலும் அவதானித்த பின்னரே முடிவு கூறலாம் என்று எழுதி, எனக்குத் தெரியும்படியே பிடித்துக்கொண்டு கையெழுத்து வைத்தார். வாக்குமூலம் ஒன்றும் எடுக்கவில்லை. தேத்தண்ணி குடித்தார். அந்த மாதம் சீனி இருந்தது.

பள்ளிக்கூடத்தை நடத்துவதில் பெற்றாருக்கு என்ன பங்கு என்று இப்போது ஆரும் என்னைக் கேட்டால், நல்லது சொல்லிக் கெடுப்பதும் குறை சொல்லிக் காப்பாற்றுவதும் என்றுதான் சொல்லுவேன். ஐயா படலை வரைக்கும் போனவர், குடையை விரித்துவிட்டு, என்னைக் கிட்ட வரச்சொல்லிக் கை காட்டினார்.

"பிள்ளை, நான் பென்சன் எடுக்குமட்டும் இந்தப் பெட்டிசத்தைத் திருப்பி எடுத்துப்போடாதேங்கோ."